கண்ணாடிக்கு க்ளெய்ம் போடும் முன் என்சிபியைப் பாருங்கள்

கேள்வி: என் காருக்கு ஆறு வயசு, 1,197 சிசி. போன வாரம் செங்கல்பட்டு தாண்டி வரும்போது, முன்னால் போன லாரியிலிருந்து ஜல்லி தெறித்து முன்கண்ணாடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். மாற்ற 6,800 ரூபாய் ஆகுமாம். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, இதுவரை க்ளெய்ம் போட்டதே இல்லை. "பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) எடுக்காததால் கண்ணாடிக்குப் பாதிதான் வரும்" என்கிறார் ஏஜென்ட். ஒர்க்‌ஷாப்பிலோ "க்ளெய்ம் போட்டுடலாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம்.

ஏஜென்ட் சொன்னது சுத்தமாகத் தப்பு. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத்தான் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது, கார் பத்து வருஷப் பழசானாலும் சரி. சாதாரண ஃபுல் பாலிசியிலேயே உள்ள விஷயம் இது. இந்த ஒரு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் மனசு வரவில்லை, அதனால்தான் கண்ணாடியைக் காட்டிப் பயமுறுத்தியே இந்தக் கூடுதல் கவரை (ஆட்-ஆன்) விற்கிறார்கள். பம்பர் டு பம்பர் புது வண்டிக்கு நல்லதுதான், ஆனால் கண்ணாடிக்காக அதை வாங்காதீர்கள். (தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது.)

சரி, அப்படியென்றால் க்ளெய்ம் போடலாமா? உங்கள் நிலைமையில் நான் போட மாட்டேன். 1,500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் உங்கள் கைக்காசு. ரப்பர் பீடிங்கில் பாதி போகும், ஒட்டும் பசையைச் செலவுப் பொருள் என்று தள்ளுவார்கள். கடைசியில் கைக்கு 5,500 வந்தால் பெரிசு. அதற்கு விலையாகப் போவது உங்கள் என்சிபி, அதாவது க்ளெய்ம் போடாததற்காகத் தரும் தள்ளுபடி. ஐந்து வருஷம் சும்மா இருந்ததால் உங்களுக்கு இப்போது 50 சதவீதம் இருக்க வேண்டும். ஒரே ஒரு க்ளெய்ம், அடுத்த ரின்யூவலில் அது பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45 என்று மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

உங்கள் பாலிசியில் ஓடி பிரீமியம் (சொந்த வண்டிச் சேதத்துக்கான பங்கு) தள்ளுபடிக்கு முன் 8,000 என்று வைத்துக்கொள்வோம், இப்போது 4,000 கட்டுகிறீர்கள். க்ளெய்ம் போட்டால் அடுத்த ஐந்து வருஷத்தில் கூடுதலாகக் கட்டுவது 4,000, 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000, ஜிஎஸ்டி தனி. வருஷா வருஷம் ஐடிவி (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) இறங்குவதால் கொஞ்சம் குறையும், ஆனாலும் 5,500 வாங்க இது நஷ்டக் கணக்குதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். இதே பாலிசி வருஷத்தில் வேறு எதற்காவது ஏற்கெனவே க்ளெய்ம் வாங்கியிருந்தால், தாராளமாகக் கண்ணாடிக்கும் போடுங்கள். என்சிபி ஒரு க்ளெய்மிலும் போகும், மூன்று க்ளெய்மிலும் போகும், போனது போனதுதான், இனி மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. ஜூனில் கதவு நசுங்கிக் காசு வாங்கிவிட்டு, டிசம்பரில் கண்ணாடி உடைந்ததும் "க்ளெய்ம் போட்டா நோ க்ளெய்ம் போயிடுமே" என்று கைக்காசு போட்டு மாற்றியவரை எனக்குத் தெரியும். பாலிசி வருஷம் என்றால் காலண்டர் வருஷம் இல்லை, உங்கள் பாலிசியில் போட்டிருக்கும் தேதி முதல் தேதி வரை.

ஒர்க்‌ஷாப்காரர் "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றால் வெற்று க்ளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்துக் கேட்கப் போகிறார் என்று அர்த்தம். தயவுசெய்து போடாதீர்கள். கண்ணாடியோடு போன வருஷத்துப் பம்பர் கீறல், மிரர், பெயின்ட் எல்லாம் அதில் ஏறும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கண்டுபிடித்தால் பொய் சொன்னவர் நீங்கள்தான், அவர் இல்லை. "உங்களுக்கு ஃப்ரீ சார்" என்பார், அந்த ஃப்ரீக்கு ஐந்து வருஷம் நீங்கள் தவணை கட்டுவீர்கள். கேமரா, சென்சார் பொருத்திய விலை உயர்ந்த கண்ணாடி என்றால் கணக்கே வேறு, அங்கே க்ளெய்ம் லாபம். அப்போதும் கண்ணாடியைக் கழற்றும் முன் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும், மாற்றிய பிறகு சொன்னால் தட்டிக் கழிப்பார்கள்.

ஒரு சாண் விரிசலை ரெசின் வைத்து அடைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். வெயிலில் நிறுத்திவிட்டு ஏசியை முழுசாக வைத்தால் இன்னும் ஓடும், தள்ளிப் போடாதீர்கள். ஒன்று மறந்துவிடாதீர்கள்: பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும், உரித்து ஒட்டினால் வேலை செய்யாது. மாற்று டேக்குக்கு பேங்கில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் பரனூர் டோலில் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.