உண்டியலோடு கார்டு பில்லையும் காட்டுங்கள்

"மகன் ஏழாவது படிக்கிறான். விளம்பரத்தில் பார்ப்பதையெல்லாம் கேட்கிறான். காசு இல்லை என்றால் 'கார்டு இருக்கே' என்கிறான். பணத்தைப் பற்றி எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சதவீதக் கணக்கு தெரிந்த பிள்ளைதானே, அடுத்த மாதக் கிரெடிட் கார்டு பில்லை அவனோடு உட்கார்ந்து படியுங்கள். சேமிக்கச் சொல்லி எல்லா வீட்டிலும் சொல்கிறோம். நான் படித்த காலத்தில் பள்ளியிலேயே சஞ்சயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது. ஆனால் இன்றைக்குப் பிள்ளைகளைச் சுற்றி விற்கப்படுவது கடன். அதை யாரும் அவர்களுக்குப் பிரித்துச் சொல்வதில்லை.

வேலூரில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் கணக்கு எழுதுகிறேன். இங்கே டிவி மேல் ஒட்டும் அட்டையில் 'மாதம் 1,999 மட்டும்' என்பது உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். முழு விலை கீழே ஓரத்தில். எத்தனை மாதம் என்பது அதற்கும் கீழே, குனிந்து பார்த்தால்தான் தெரியும். அந்தப் பெரிய எழுத்தை முதலில் படிப்பது பிள்ளைகள்தான். "அப்பா, ரெண்டாயிரம்தான்பா!" என்று பிள்ளை கூவும்போது எதிரே விற்பனைப் பையன் நிற்கிறான், பக்கத்தில் மனைவி நிற்கிறாள். அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கும் வாய் வராது. பொருளை வாங்கச் சொல்லியோ, பெற்றோரிடம் கேட்டு வாங்கச் சொல்லியோ குழந்தைகளை விளம்பரம் நேரடியாகத் தூண்டக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறைகள் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் அட்டையில் இருப்பது வெறும் எண். அதைப் பிடிக்க எந்த விதி வரும்?

கார்டு விளம்பரங்கள் இதைவிட நுட்பமானவை. 1997இல் அமெரிக்காவில் மாஸ்டர்கார்டு ஒரு விளம்பரம் வெளியிட்டது. அப்பாவும் மகனும் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போகிறார்கள். டிக்கெட் இரண்டு, 28 டாலர். தின்பண்டமும் குளிர்பானமும் 18 டாலர். வீரரின் கையெழுத்திட்ட பந்து 45 டாலர். பதினொரு வயது மகனோடு மனம்விட்டுப் பேசுவதற்கு மட்டும் விலையே இல்லை என்று முடிகிறது. பார்த்தால் கண் கலங்கும். உலகம் முழுக்க அந்தப் பாணியிலேயே விளம்பரங்கள் தொடர்ந்தன. என் மகளிடம் இதைச் சொல்லி, "கூட்டிப் பாரு" என்றேன். 91 டாலர். விலையில்லாத ஒன்றைக் காட்டி, விலையுள்ள மூன்றை வாங்க வைக்கிறார்கள் என்பதை அவளே பிடித்துக்கொண்டாள். பிள்ளையோடு பேச வேண்டுமானால் வேலூர்க் கோட்டைக்குள் அகழியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நடக்கலாம், நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது. பாசத்துக்கும் செலவுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டால், செலவு செய்ய முடியாத பெற்றோர் பாசமில்லாதவர் ஆகிவிடுகிறார். இதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

வட்டியே இல்லாத மாதத் தவணை என்று விற்கும் 'நோ காஸ்ட் இஎம்ஐ' பற்றியும் சொல்லுங்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது, செயல்முறைக் கட்டணம் என்ற பெயரில் வட்டி மறைந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் சுற்றறிக்கை விட்டது.

பில்லுக்கு வருவோம். அதில் 'செலுத்த வேண்டிய மொத்தத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு எண்கள் இருக்கும். 20,000 ரூபாய் பில் என்று வையுங்கள். குறைந்தபட்சம் பெரும்பாலும் 5 சதவீதம், அதாவது 1,000. அதை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று மகளை நோட்டில் போடச் சொன்னேன். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 126. ஆக 826. கட்டிய ஆயிரத்தில் அசலில் கழிவது 174 ரூபாய்தான். (வங்கி நாள் கணக்கில் போடுவதால் கொஞ்சம் முன்னே பின்னே வரும்.) பாக்கி வைத்தால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

என் மாமியார் குடியாத்தத்தில் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இன்னாது, மூணரை வட்டியா? எங்க தெருவுல மூணு வட்டிக்கு வாங்கினவனே தலையெடுக்கல!" வருடத்துக்கு 42 சதவீதம் என்று நான் சொன்னபோது உறைக்காதது, ஆயா சொன்னதும் மகளுக்கு உறைத்தது. "இதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையாம்மா?" என்று கேட்டாள். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

கார்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கெடுவுக்குள் முழுத் தொகையும் கட்டுகிறவருக்கு ஒன்றரை மாதம் வரை வட்டியில்லாத கடன், அவ்வளவுதான். ஆசைப்பட்டதற்காகப் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். கேட்பது அவன் உரிமை. இந்த மாதம் ஏன் முடியாது என்று காரணத்தோடு சொல்வது நம் பொறுப்பு. வீட்டு வருமானத்தையும் சொல்லுங்கள். ஒளிக்கிற வீட்டில்தான் கார்டு வற்றாத கிணறு மாதிரி தெரியும்.

போனில் ஸ்கேன் செய்தால் பணம் போவது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாரம் ஒருமுறை 200 ரூபாய் நோட்டைக் கொடுத்து நேதாஜி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போங்கள். முள்ளுக் கத்தரிக்காய் விலை கேட்டு, தக்காளியைக் குறைத்து, மிச்சத்தை எண்ணி வாங்கட்டும். நீங்கள் குறுக்கே பேச வேண்டாம்.

பத்து வயது முடிந்திருந்தால் தபால் நிலையத்தில் அவன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், 500 ரூபாய் போதும். அந்த வயதுப் பிள்ளைகள் தாமே கணக்கை நடத்த வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கி 2025இல் வழிவிட்டிருக்கிறது. படிவத்தை அவனே நிரப்பட்டும், கவுண்டரில் அவனே நிற்கட்டும்.