ஈட்டிப் படை: 6ஆம் பென்சில்வேனியா குதிரைப்படை பற்றிய கேள்வி பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்புக்காகச் சண்டையிட்ட இந்தப் படையைத் 'தன்னார்வப் படை' என்கிறார்களே, சம்பளம் கிடையாதா சார்?

உண்டு, சாதாரண சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். நிரந்தர ராணுவம் தனி. இது 1861இல் பென்சில்வேனியா மாநிலம் ஆள் சேர்த்து அனுப்பிய படை. அதிகாரிகளில் பலர் ஃபிலடெல்ஃபியாவின் பெரிய வீட்டுப் பிள்ளைகள்.

துப்பாக்கிக் காலத்தில் போய் ஈட்டியா? யார் கொடுத்த யோசனை?

வடதரப்புத் தளபதி மெக்கிளெலன். ஐரோப்பியப் படைகளை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். படைத் தலைவர் கர்னல் ரிச்சர்ட் ரஷ்ஷும் அவரும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஈட்டியின் நீளம் 9 அடி, முனையில் 11 அங்குல அலகு, அதற்குக் கீழே சிவப்புக் கொடி. அணிவகுப்பில் பார்க்க அமர்க்களமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இவர்கள் சண்டையிட்ட வர்ஜீனியா மாநிலம் முழுக்க காடும் வேலியும். மரக்கிளைகளுக்கு நடுவே 9 அடிக் கம்போடு குதிரை ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள்! 1863 கோடை வருவதற்குள் ஈட்டிகளைக் கழித்துவிட்டு கார்பைன் என்ற குட்டையான துப்பாக்கி கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அதற்குப் பிறகுதான் இது உருப்படியான குதிரைப்படை ஆனது.

குதிரை யாருடையது?

வடக்கில் அரசாங்கமே கொடுத்தது. தெற்கில் வீரன் சொந்தக் குதிரையோடு வர வேண்டும். அதற்கு நாளுக்கு 40 சென்ட் வாடகை. குதிரை நோயில் செத்தால் நஷ்டம் அவனுக்கு.

இவர்களுடைய பெரிய சண்டை எது?

சந்தேகமில்லாமல் வர்ஜீனியாவின் பிராண்டி ஸ்டேஷன், 1863 ஜூன் 9. செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தின் அருகே தென்தரப்பு பீரங்கிகள் வரிசையாக நின்றன. இவர்கள் வாளை உருவிக்கொண்டு திறந்தவெளியில் நேராக அவற்றின் மீதே பாய்ந்தார்கள். பீரங்கிகளை நெருங்கியும்விட்டார்கள். அப்புறம் பக்கவாட்டில் எதிரிக் குதிரைப்படை வந்து விழ, வெட்டிக்கொண்டே பின்வாங்க வேண்டியதாயிற்று. முன்னால் நின்று நடத்திய மேஜர் ராபர்ட் மோரிஸ் குதிரை விழுந்ததால் பிடிபட்டார். தென்தரப்பின் தலைநகரான ரிச்மண்டின் லிபி சிறையில் ஆகஸ்டில் இறந்தார்.

கெட்டிஸ்பர்க்கில் இந்தப் படையின் நினைவுச் சின்னத்தில் ஈட்டிகள் இருக்கின்றனவே, அங்கேயும் ஈட்டிச் சண்டையா?

இல்லை. அது பழைய பெருமை. 1863 ஜூலை 3 அன்று, கெட்டிஸ்பர்க் போரில், வடதரப்புத் தளபதி மெரிட் தலைமையில், போர்க்களத்தின் தென்கோடியில், பெரும்பாலும் குதிரையை விட்டு இறங்கி கார்பைனோடுதான் சண்டை போட்டார்கள்.