மூன்றாவது முறையும் எஸ்.ஏ.டி. எழுதலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். மகள் 12ஆம் வகுப்பு. மார்ச்சில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை எழுதி 1390 வாங்கினாள்: வாசிப்பு-எழுத்தில் 630, கணிதத்தில் 760. ஆகஸ்டில் மறுபடி எழுதியபோது 1430. வாசிப்பு-எழுத்து 690க்கு ஏறியது, கணிதம் 740க்கு இறங்கிவிட்டது. 1500ஐத் தொடும்வரை அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று விடாமல் எழுதட்டும் என்கிறார் என் கணவர். திரும்பத் திரும்ப எழுதினால் கல்லூரியில் மட்டமாக நினைப்பார்கள் என்கிறார் என் அண்ணன். மகள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அழுகிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் அண்ணனின் பயத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை. அதற்காக உங்கள் கணவர் சொல்வது சரி என்றும் ஆகிவிடாது.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' என்ற இணைய விண்ணப்பத்தில், மகளின் தேர்வு மதிப்பெண் பகுதியைத் திறந்து பாருங்கள். எத்தனை முறை எழுதினாய் என்று அங்கே கேட்பதில்லை. எத்தனை மதிப்பெண்களைத் தெரிவிக்க விரும்புகிறாய் என்றுதான் கேட்கிறார்கள். அப்புறம் வாசிப்பு-எழுத்தில் வாங்கிய அதிகபட்சம், அதை வாங்கிய தேதி. கணிதத்தில் வாங்கிய அதிகபட்சம், அதன் தேதி. இரண்டும் வெவ்வேறு தேதிகளாக இருக்கலாம் என்பதை அந்தப் படிவமே ஏற்றுக்கொள்கிறது. இப்படி இரண்டு பிரிவின் அதிகபட்சங்களையும் கூட்டி எடுப்பதைத்தான் சூப்பர்ஸ்கோர் என்கிறார்கள். எம்.ஐ.டி. உட்பட ஏராளமான கல்லூரிகள் இப்படித்தான் பார்க்கின்றன. ஆகவே அந்தக் கல்லூரிகளைப் பொறுத்தவரை உங்கள் மகளின் மதிப்பெண் 1430 இல்லை. ஆகஸ்டின் 690, மார்ச்சின் 760, ஆக 1450. இதை இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள்.

கணிதத்தில் 20 குறைந்ததற்கு அழ வேண்டியதே இல்லை. ஒரே மாணவி அடுத்தடுத்த வாரங்களில் எழுதினாலும் இந்த அளவுக்கு ஏறி இறங்கும். மதிப்பெண் அறிக்கையிலேயே, உண்மையான திறமை இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்று ஒரு வீச்சைப் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

கல்லூரிகள் இவ்வளவு தாராளமாக இருப்பதில் அவர்களுக்கும் லாபம் உண்டு. சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண்களை அவர்கள் ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். அதிகபட்சங்களைக் கூட்டி எடுத்தால் அந்தக் கணக்கும் உயர்ந்து தெரியும்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. எஸ்.ஏ.டி.யில் எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று மாணவரே தேர்ந்தெடுக்கும் வசதி 2009இல் வந்தது. அதை ஏற்காமல், எழுதிய அத்தனையையும் அனுப்பச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு; ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் அதற்குப் பேர்போனது. வேறு சில கல்லூரிகள் ஒரே நாளில் வாங்கிய மொத்தத்தில் எது அதிகமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அங்கே உங்கள் மகளுக்கு 1430தான். கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அவள் விண்ணப்பிக்கப்போகும் ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும் இந்த விதி இருக்கும். அண்ணன் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று போகாமல் அங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கணவருக்கு. இரண்டாவது முறை எழுதுவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குட்மன், குரான்ட்ஸ், ஸ்மித் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருமுறை மறுபடி எழுதினாலே மதிப்பெண் கணிசமாக உயர்கிறது, நான்காண்டுப் படிப்பில் சேரும் வாய்ப்பும் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் மறுபடி எழுதாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதும் அதில் இருக்கிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். உங்கள் மகள் அந்தப் பலனை ஏற்கெனவே எடுத்துவிட்டாள்.

மூன்றாவது முறைக்கு ஒரு காரணம் வேண்டும். 1500 என்பது காரணம் ஆகாது. அது கண்ணுக்கு அழகாக இருக்கும் எண், அவ்வளவுதான். 1490க்கு மூடிய கதவு 1500க்குத் திறந்துவிடாது. அவள் விரும்பும் கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள்; கல்லூரி தன்னைப் பற்றி வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. அதில் சி9 என்ற பகுதியில், சேர்ந்த மாணவர்களின் 25ஆம், 50ஆம், 75ஆம் சதமான மதிப்பெண்கள் இருக்கும் (25ஆம் சதமானம் என்றால் நூற்றில் 25 பேர் அதற்குக் கீழே என்று பொருள்; 50ஆவதுதான் நடு). 1450 அங்கே நடுவிலோ அதற்கு மேலோ விழுந்தால் தேர்வை மறந்துவிடலாம். 25ஆம் சதமானத்துக்கும் கீழே விழுந்தால், அந்தக் கல்லூரி தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்டால், அப்போது அக்டோபரில் ஒரு முறை எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது.

அதுவும் வாசிப்பு-எழுத்தைக் குறிவைத்து. எஸ்.ஏ.டி. எழுதும் புளூபுக் செயலியிலேயே முழுப் பயிற்சித் தேர்வுகள் இலவசமாகவே இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவும் இரண்டு பாகம். முதல் பாகத்தை எப்படிச் செய்தாள் என்பதை வைத்துத்தான் இரண்டாவது பாகம் கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதானது வந்துவிட்டால் உச்ச மதிப்பெண்ணுக்கு வழி அடைபட்டுவிடும். எனவே முதல் பாகத்தில் எங்கே தவறுகிறாள் என்று உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியில் 720, 730 வர ஆரம்பித்தால் பதிவு செய்யுங்கள். பயிற்சியில் வராத மதிப்பெண் தேர்வு அறையில் வந்து குதிக்காது.

நவம்பர், டிசம்பர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முன்கூட்டியே விண்ணப்பிப்பதென்றால் பல கல்லூரிகளுக்கு நவம்பர் 1தான் கெடு. கட்டுரைகள் எழுதுவதும், 12ஆம் வகுப்பு மதிப்பெண்கள் சரியாமல் பார்த்துக்கொள்வதும் இந்த மாதங்களில்தான். கல்லூரி அவளைக் குறைத்து மதிப்பிடாது, சரி. ஆனால் தேர்வுக்குப் போகும் அந்த சனிக்கிழமைகளை அவளுக்கு யார் திருப்பித் தருவார்கள்?

பதிவு செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக மதிப்பெண் அனுப்புகிறோம் என்பார்கள். தேர்வு முடிந்து ஒன்பது நாளுக்குள் சொல்லிவிட வேண்டும், அதாவது மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே. பிறகு அனுப்புவதற்கான கட்டணம் கொடுக்க முடியும் என்றால் அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். மதிப்பெண் வந்த பிறகு எந்தத் தேதியை எங்கே அனுப்புவது என்று அவளே முடிவு செய்யட்டும்.