ரத்தப் பரிசோதனைக்கு யார் பொறுப்பு?

வணக்கம்.

இணையவழி மருந்துச்சீட்டுகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். திருநர் மருத்துவத்தில் இறங்கியிருக்கும் தனியார் இணைய கிளினிக்குகளுக்குக் கடிவாளம் வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். நான் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு ஜி.பி. சர்ஜரியில், அதாவது குடும்ப மருத்துவர் கிளினிக்கில், நர்ஸாக வேலை பார்க்கிறேன். போன மாதம் இளம் திருநங்கை ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்தார். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எடுக்கத் தொடங்கி நாலு மாதம் ஆகிறதாம். இன்னின்ன ரத்தப் பரிசோதனைகளை உங்கள் ஜி.பி.யிடம் செய்துகொள்ளுங்கள் என்று இணைய கிளினிக் எழுதிக் கொடுத்திருக்கிறது. 'தனியார் டெஸ்ட் இங்கே எடுப்பதில்லை' என்று எங்கள் ரிசப்ஷனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் திருநர் கிளினிக்கில் பெயர் கொடுத்து மூன்று வருடமாகியும் முதல் சந்திப்புக்கே அவருக்குத் தேதி வரவில்லை.

அதே வாரம், மெனோபாஸுக்காக இணையத்தில் ஈஸ்ட்ரோஜன் ஜெல் வாங்கும் ஒரு அம்மாவும் வந்தார். அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டும் ஒரே மருந்துதானே? கடிவாளம் ஒரு சாராருக்கு மட்டும்தானா? இருக்கிற கதவையும் அடைத்துவிட்டால் இவர்கள் எங்கே போவார்கள்? அந்தத் திருநங்கை திரும்பி வந்தால் நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, லெஸ்டர்

*

அன்புள்ள வாசகிக்கு,

அந்தத் தாளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. கட்டுரையில் நான் சட்டத்தைப் பற்றி நிறைய பேசினேன். நீங்கள் பிரச்சினையின் நடுப்புள்ளியையே காட்டிவிட்டீர்கள். ஒருவர் மருந்து எழுதினார், இன்னொருவர் பார்சலில் அனுப்பினார், மருந்து உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அது உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியவர் யார் என்பது மட்டும் முடிவாகவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எழுதப்படும் எந்த மருந்துச்சீட்டையும் நான் எதிர்க்கிறேன். வாங்குகிறவர் திருநரா இல்லையா என்பது எனக்குப் பொருட்டே அல்ல.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பரிசோதனைகள் வெறும் சம்பிரதாயம் இல்லை. ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து கூடுகிறது. தோல்வழியே போகும் ஜெல்லிலும் ஒட்டுப்பட்டையிலும் அது குறைவு. கூடவே ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். திருநம்பிகள் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோனில் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் தடித்துப்போகலாம். அதனால்தான் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டல், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது. ஒழுங்காகக் கண்காணித்தால் பெரும்பாலானவர்களுக்கு இது பத்திரமான சிகிச்சைதான்.

இனி கடிவாளம் பற்றி. பிரிட்டனில் இந்த விவாதம் பெரும்பாலும் ஜென்டர்ஜிபி என்ற இணைய கிளினிக்கைச் சுற்றியே நடந்தது. வேல்ஸில் ஜி.பி.யாக இருந்த ஹெலன் வெபர்லி அதைத் தொடங்கினார். வரிசையில் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு இணையம் வழியாக ஹார்மோன் கிடைத்தது. வேல்ஸின் கண்காணிப்பு அமைப்பிடம் பதிவு செய்யாமல் நடத்தியதற்காக 2018-இல் அவருக்கும் அவருடைய நிறுவனத்துக்கும் அபராதம் விழுந்தது. 2022-இல் மருத்துவர்களுக்கான தீர்ப்பாயம் அவரை இரண்டு மாதம் இடைநீக்கம் செய்தது. அடுத்த வருடமே உயர்நீதிமன்றம் அந்த இடைநீக்கத்தை ரத்து செய்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் முதல் பாதியை மட்டும் எழுதுகிறார்கள். தீர்ப்பாயத்திலேயே அவர்மேல் வைக்கப்பட்ட பல குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை. இந்தச் சிகிச்சையைத் தரும் தகுதி அவருக்கு இருந்தது என்பதும் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதே சேவையில் பங்கெடுத்த அவருடைய கணவர் மைக்கேல் வெபர்லி, குடல்நோய் நிபுணர், 2022-இல் மருத்துவர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்.

ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது அந்த வழக்குகளை விட, அதற்குள் அந்தச் சேவை எடுத்துவிட்ட வடிவம். நிறுவனம் வெளிநாட்டுக்குப் போய்விட்டது. ஐரோப்பிய நாடுகளில் பதிவுசெய்த மருத்துவர்களின் சீட்டை பிரிட்டிஷ் மருந்துக்கடைகள் ஏற்கலாம் என்ற விதி பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் நீடித்தது. ஆக, நோயாளி லெஸ்டரில், கிளினிக் வேறொரு கண்டத்தில், சீட்டு எழுதியவர் மூன்றாவது நாட்டில். இங்கிலாந்தில் மருத்துவச் சேவைகளைக் கண்காணிக்கும் சி.க்யூ.சி. நாட்டுக்குள் இருக்கும் சேவையைத்தான் ஆய்வு செய்ய முடியும். மருத்துவர்களைப் பதிவுசெய்யும் கவுன்சிலான ஜி.எம்.சி. தன் பட்டியலில் இருக்கும் மருத்துவரைத்தான் விசாரிக்க முடியும். மிஞ்சியது பார்சல் அனுப்பிய மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான். ஏதாவது தப்பாகிப்போனால் அந்தப் பெண் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்?

தப்பாகவும் போனது. 2024 மே மாதம் இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றத் தலைவர் ஆண்ட்ரூ மக்ஃபார்லேன் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னார். 16 வயதுத் திருநம்பி ஒருவருக்கு ஜென்டர்ஜிபி கொடுத்த டெஸ்டோஸ்டிரோன் பற்றி ஹார்மோன் நிபுணர் ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்: ரத்தத்தில் அதன் அளவு அபாயகரமாக ஏறியிருந்தது, திடீர் மரணம் நேரும் ஆபத்துகூட இருந்தது. இந்த கிளினிக்கின் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டு வழக்கு வந்தால் மிக மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று மற்ற நீதிமன்றங்களுக்கு நீதிபதி சொன்னார். பிள்ளையின் விருப்பத்தை அந்தத் தீர்ப்பு குறைசொல்லவில்லை, கண்காணிப்பு இல்லாததைத்தான் சொன்னது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, எல்லாம் மோசடி' என்று கிளம்புகிறவர்களோடு என்னால் சேர முடியாது. என்.எச்.எஸ். தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கு 18 வாரம். ஆனால் 20 வயதுத் திருநங்கை ஒருவர் முதல் சந்திப்புக்காக 1,023 நாள் காத்திருந்து, 2022-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த மரணத்தை 2023-இல் விசாரித்த கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) இந்தத் தாமதத்தைப் பற்றியே அதிகாரிகளுக்கு எச்சரிக்கை அறிக்கை அனுப்பினார். இப்படிப்பட்ட வரிசையில் நிற்கும் ஒருவரிடம் போய் 'இணையத்தில் வாங்காதே' என்று மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. வரிசையைக் குறைக்காமல் கதவை மட்டும் பூட்டும் அரசு தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறது. பூட்டுகிற பாதி எளிது, செலவும் இல்லை.

அந்த மெனோபாஸ் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. இணைய மருத்துவத்தின் குறை திருநரோடு தொடங்கியதல்ல. சி.க்யூ.சி. தன் ஆய்வு முடிவுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டபோது, இணையவழி மருத்துவம் தரும் நிறுவனங்களில் 43 சதவீதம் ஏதாவது ஒரு விதத்தில் பாதுகாப்புத் தேவைகளை நிறைவேற்றவில்லை. ஓபியாய்டு வலிமாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், ஆன்டிபயாடிக் எல்லாம் ஒரு படிவத்தை நிரப்பினால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. எடை குறைக்கும் ஊசிகளுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்த பிறகு, மருந்தாளர் கவுன்சில் 2025 பிப்ரவரியில் விதியை இறுக்கியது: அதிக ஆபத்துள்ள மருந்துகளை வெறும் படிவத்தை நம்பி எழுதக் கூடாது, வாங்குகிறவர் சொல்லும் தகவலைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். இது எல்லோருக்கும் பொதுவான விதி. எனக்கு வேண்டியதும் இதுதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஏதாவது என்றால் உங்கள் சர்ஜரி மறுபேச்சில்லாமல் பார்த்துக்கொள்ளும். திருநங்கைக்கு ஏதாவது என்றால் 'எங்களுக்கு இதில் பயிற்சி இல்லை, ஒப்பந்தத்தில் இல்லை, நிதி இல்லை' என்று பதில் வரும். இந்தக் காரணங்களைச் சொல்லும் ஜி.பி.க்கள் எல்லோரும் வெறுப்பில் சொல்வதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரே மருந்து ஒருவருக்குப் பாதுகாப்பாகவும் இன்னொருவருக்கு ஆபத்தாகவும் மாறுவது இந்த இடத்தில்தான்.

குழந்தைகள் விஷயத்தில் நான் இன்னும் இறுக்கமான பக்கம்தான். பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கான ஆதாரம் பலவீனமானது என்று குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் தலைமையிலான ஆய்வு 2024 ஏப்ரலில் சொன்னது. அதே வருடம் ஜூன் மாதம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பாலின மாற்றச் சிகிச்சையாக இவற்றைப் புதிதாகத் தனியாரோ ஐரோப்பிய மருத்துவரோ எழுத முடியாதபடி அவசரத் தடை வந்தது; டிசம்பரில் அது காலவரம்பில்லாத தடையாகி, 2027-இல் மறுபரிசீலனை என்று வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே எடுத்துவந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அவசரத் தடைக்கு எதிரான வழக்கை உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. காஸ் அறிக்கையை ஏற்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள், அந்த வாதம் நடக்கட்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு நேரில் பார்க்காத ஒருவர் மருந்து எழுதுவதை எந்தப் பக்கத்து ஆதாரத்தை வைத்தும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. கூடவே இதையும் சொல்ல வேண்டும்: பிள்ளைகளுக்கான என்.எச்.எஸ். பாலினச் சிகிச்சை மையமான டாவிஸ்டாக் கிளினிக்கை மூடியபோது 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்காக முதலில் திறந்தவை இரண்டே மையங்கள். பிள்ளைகளுக்காகப் போட்ட தடையைக் காட்டி 23 வயதுக்காரரின் ஹார்மோனையும் சந்தேகத்தோடு பார்ப்பது தனி அநியாயம்.

இங்கே நம் ஊரில் வேறு மாதிரி. திருநங்கைகள் மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கி, மூத்தவர்கள் சொன்ன அளவில் விழுங்குவது பல காலமாக நடக்கிறது. மருத்துவரும் இல்லை, பரிசோதனையும் இல்லை. இணையமே இல்லாத காலத்திலும் கண்காணிப்பில்லாத மருந்து இருந்தது என்பதற்காகத்தான் சொல்கிறேன். முறையான கதவு மூடியிருந்தால் ஆட்கள் மருந்தை விட்டுவிடுவதில்லை. இன்னும் மோசமான இடத்தில் போய் வாங்குகிறார்கள்.

அதனால் நான் கேட்கும் கடிவாளம் இவ்வளவுதான். சீட்டு எழுதுகிறவர் நோயாளி இருக்கும் நாட்டின் கண்காணிப்புக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். முதல் மருந்து போவதற்கு முன்பே ரத்தம் எங்கே எடுப்பது, முடிவை யார் படிப்பது, இரவில் கால் வீங்கினால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கான செலவைக் கட்டணத்துக்குள் வைக்க வேண்டும். கட்டணத்தை வாங்கிக்கொண்டு பரிசோதனையை மட்டும் உங்கள் சர்ஜரியின் தலையில் கட்டுவது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத வியாபாரம்.

அந்தப் பெண் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். நீங்கள் மருத்துவ ஊழியர், நான் வெறும் எழுத்தாளன், ஆனாலும் சொல்கிறேன். ரத்தம் எடுப்பதால் உங்கள் சர்ஜரி அந்தச் சீட்டுக்குப் பொறுப்பேற்றதாகிவிடாது. உங்கள் பட்டியலில் இருக்கும் ஒருவர் ஒரு மருந்தை விழுங்கிக்கொண்டிருக்கிறார், அதற்காக எடுக்கும் பரிசோதனை அது. முறைப்படாத இடத்தில் மருந்து வாங்கும் அல்லது வாங்கக்கூடிய நோயாளிக்கு, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் ஆபத்தைக் குறைக்க, நிபுணரிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டு, காத்திருக்கும் காலத்துக்கு மட்டும் இடைக்கால மருந்து எழுதலாம் என்று ஜி.எம்.சி. 2016-லேயே சொல்லியிருக்கிறது. பல ஜி.பி.க்கள் இதற்குத் தயங்குகிறார்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அதை விட எளிதான பரிசோதனைக்காவது சர்ஜரியில் ஒரு பொதுவான முடிவு எடுக்கச் சொல்லுங்கள். ரிசப்ஷனில் நிற்பவர் தானாக முடிவெடுக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அடுத்த ஊழியர் கூட்டத்தில் இதை எழுப்ப முடியுமா? அதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் செய்து, மாத்திரையா ஜெல்லா, எவ்வளவு, கால் வலியோ மூச்சுத்திணறலோ உண்டா என்று மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.