சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் ஓனர் போய்விடுவாரா?

கேள்வி: மான்செஸ்டருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் ஸ்டேடியத்தில் எனக்கும் 12 வயது மகளுக்கும் சீசன் டிக்கெட் இருக்கிறது. ஓனர்களை நினைத்தாலே எரிகிறது. "வாரம் முழுக்கத் திட்டுகிறீர்கள், வருடம் பிறந்தால் அவர்களிடமே பணம் கட்டுகிறீர்கள்" என்று மனைவி சிரிக்கிறார். இந்த முறை புதுப்பிக்காமல் விட்டுவிடலாமா? பக்கத்து சீட்காரர் போராட்டத்துக்கு வேறு கூப்பிடுகிறார். பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், போனால் அதில் சிக்கல் வருமா? மகள் பிறந்தநாளுக்குப் புது ஜெர்சி கேட்கிறாள். அதையாவது வாங்காமல் இருக்கட்டுமா?

பதில்: உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி வருகிறது. 2024-25 சீசனில் யுனைடெட்டின் மொத்த வருமானம் 66.65 கோடி பவுண்டு. அதில் ஸ்பான்சர், ஜெர்சி ஒப்பந்தம் போன்ற வணிக வருமானமே பாதி, 33 கோடிக்கு மேல். டிவி உரிமையில் 17 கோடி சொச்சம். டிக்கெட்டும் மேட்ச் நாள் விற்பனையும் சேர்ந்து 16 கோடி. நீங்களும் மகளும் கட்டுவது இந்தக் கடைசித் தொகையில் ஒரு துளி. அந்தத் துளியும் நிற்கப் போவதில்லை, ஏனென்றால் நீங்கள் விட்ட சீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சீசன் டிக்கெட்காரர் ஒரு மேட்ச்சுக்குக் கொடுப்பது, ஒரே ஒரு மேட்ச் பார்க்க வருகிறவர் கொடுப்பதைவிடக் குறைவு. வெளியூரிலிருந்து வருகிறவர் கிளப் கடைக்கும் போய்ப் பை நிறைய வாங்கிக்கொண்டு போவார். அதனால் நீங்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் கிளப்புக்கு லாபம்தான்.

சரி, அப்படியானால் எந்த ஓனரையுமே அசைக்க முடியாதா? முடியும். ஆனால் எங்கே தட்ட வேண்டும் என்பது கிளப்புக்குக் கிளப் மாறும். ஓனர் எந்தப் பணத்தில் கிளப்பை வாங்கினார், இப்போது யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், எதை இழக்க பயப்படுகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். பேனரில் என்ன எழுதுவது என்பதெல்லாம் அப்புறம்.

யுனைடெட்டின் ஓனர்களான கிளேசர் குடும்பத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1931-லிருந்து கடன் இல்லாமல் இருந்த கிளப்பை 2005-இல் ஏறத்தாழ 79 கோடி பவுண்டுக்கு வாங்கினார் மால்கம் கிளேசர். பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பெரும் பங்கையும் கிளப்பின் தலையிலேயே ஏற்றினார். கல்யாணத்துக்கு வாங்கிய கடனைப் பெண்ணின் நகையை அடகு வைத்து அடைக்கிற மாப்பிள்ளையை நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் இருபது வருடமாக ஸ்டேடியத்தின் ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் பக்க ரசிகர்கள் பாட்டாகப் பாடுகிறார்கள்.

ஆனால் பாட்டுக்கு பயந்து ஓடிய ஓனர் என்று நான் பார்த்தவரையில் யாரும் இல்லை. எதிரிகளாக இருந்தாலும் லிவர்பூல்காரர்களிடம் இதில் கற்க வேண்டியது இருக்கிறது. ஹிக்ஸ், ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2007-இல் கடன் வாங்கி லிவர்பூலை வாங்கினார்கள். 2010 அக்டோபரில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்குத் தவணை வந்து நின்றது. புதுக் கடன் கிடைத்திருந்தால் இருவரும் தப்பித்திருப்பார்கள். ரசிகர்கள் ஊர்வலமும் போனார்கள், அதோடு கடன் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த நிதி நிறுவனங்களுக்கு மின்னஞ்சல்களைக் கொட்டினார்கள். இயக்குநர் குழு கிளப்பை விற்க முடிவு செய்தது. ஓனர்கள் தடுக்கப் பார்க்க, லண்டன் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 30 கோடி பவுண்டுக்குக் கை மாறியது கிளப். ஓனரை வெளியே அனுப்பியது வங்கியும் நீதிமன்றமும்தான். ஆனால் அவருக்கு மூச்சுவிட இருந்த ஜன்னலைச் சாத்தியதில் ரசிகர்களுக்கும் கை இருந்தது.

பிளாக்பூல் கிளப்பில் இன்னும் நீண்ட கதை. "இனி ஒரு பென்னிகூடத் தர மாட்டோம்" என்று சொல்லி ஆயிரக்கணக்கானோர் வருடக்கணக்கில் சொந்த ஸ்டேடியத்துக்கே போகாமல் இருந்தார்கள். ஓனர் ஓவன் ஓய்ஸ்டன் அசையவில்லை. கடைசியில் அவரை வீழ்த்தியது கிளப்பின் இன்னொரு பங்குதாரரான வலேரி பெலோகான் போட்ட வழக்கு. அவருக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. பணம் முழுதாக வராததால் 2019 பிப்ரவரியில் நீதிமன்றம், சொத்துகளைப் பொறுப்பெடுத்துக்கொள்ளும் ரிசீவரை நியமித்தது. அடுத்த மாதமே ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. பக்கத்து சீட்டில் யார் உட்கார்வார்கள் என்பதே மறந்துபோன ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

புறக்கணிப்பு நேராகவே வேலை செய்யும் இடமும் உண்டு. பணம் தீர்ந்துகொண்டிருக்கிற ஓனர்தான் அந்த இடம். ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப்பின் அப்போதைய ஓனர், தாய்லாந்துத் தொழிலதிபர் தேஜ்போன் சன்சிரி 2023-இல் ஒரு காரியம் செய்தார். கிளப்புக்கு 20 லட்சம் பவுண்டு தேவைப்படுகிறது, 20,000 பேர் தலா 100 பவுண்டு கொடுத்தால் முடிந்தது என்று ரசிகர்களிடமே கேட்டார். (கோயில் திருப்பணிக்குக்கூட ரசீது கொடுப்பார்கள்.) 2025-இல் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதச் சம்பளமே தள்ளிப்போனது. ரசிகர்கள் டிக்கெட், சாப்பாடு, கிளப் கடை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அக்டோபர் 22-ஆம் தேதி மிடில்ஸ்பரோவுடனான மேட்ச்சில் ஹில்ஸ்பரோ ஸ்டேடியம் வெறிச்சோடிக் கிடந்தது. 24-ஆம் தேதி கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போய்விட்டது, லீக் பட்டியலில் 12 புள்ளிகளும் பறிபோயின. மறுநாள் பார்த்தால் அதே ரசிகர்கள் கிளப் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கிறார்கள். அன்று செலவழித்த பணம் ஓனர் கைக்குப் போகாது, நிர்வாகியின் கைக்குப் போய்ச் சம்பளமாகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு நேர் எதிரான ஆள் நம் நாட்டுக்காரர். சூப்பர் மார்க்கெட் பிரீசரில் வெங்கீஸ் சிக்கன் பார்த்திருப்பீர்கள். அந்தப் புனே நிறுவனம்தான் 2010-இல் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. 2012 மே மாதம் கிளப் பிரீமியர் லீகிலிருந்து இறங்கிய அன்று, ரசிகர்கள் கிளப் கொடி போர்த்திய உயிர்க் கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார்கள். அதற்குப் பிறகும் ஓனர் மாறவில்லை. காரணம் எளிது. வருடா வருடம் விழும் நஷ்டத்தைச் சொந்தப் பணத்தை இறக்கி அடைக்கிறவர் அவர். நீங்கள் டிக்கெட் வாங்காவிட்டால் அந்தப் பள்ளம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். கோழியைவிட டெல்லி நீதிமன்றம்தான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. இந்தியாவிலிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்ப அங்கே அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

யுனைடெட் இந்த எந்த வகையிலும் சேராது. கடன் இருக்கிறது, ஆனால் வட்டி ஒழுங்காகப் போகிறது, அதனால் கடன் கொடுத்தவருக்குக் கவலை இல்லை. பங்கு வாங்கி ஓட்டுப் போட்டு மாற்றலாமே என்று சிலர் கேட்பதுண்டு. நியூயார்க் பங்குச்சந்தையில் யாரும் வாங்கக்கூடிய பங்குக்கு ஒரு ஓட்டு, குடும்பத்திடம் இருக்கும் 'பி' வகைப் பங்குக்குப் பத்து ஓட்டு. கதை முடிந்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால்பங்குக்கு மேல் வாங்கி உள்ளே வந்த பிறகும் பெரும்பான்மை கிளேசர்களிடமேதான்.

பிறகு என்னதான் செய்வது? ஓனரை மாற்றுவதில் ரசிகர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். ஓனரின் ஒரு முடிவை மாற்றுவதில் திரும்பத் திரும்ப ஜெயித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் மறுபடியும் லிவர்பூல்தான், மன்னியுங்கள். அடுத்த சீசனில் 77 பவுண்டுக்கு டிக்கெட் வரும் என்று அறிவித்தார்கள். 2016 பிப்ரவரி 6, சண்டர்லேண்டுடன் மேட்ச். லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருக்கிறது. 77-ஆவது நிமிடம் வந்ததும் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கிற மேட்ச்சிலிருந்து எழுந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் போன பிறகு சண்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டு 2-2 என்று முடிந்தது. நான்கே நாளில் ஓனர்கள் மன்னிப்புக் கேட்டு 77 பவுண்டைக் கைவிட்டார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று, அதையும் ஓனர் பெரிய நஷ்டமில்லாமல் விட்டுக்கொடுக்க முடியும், அதுவும் டிவியில் எல்லோரும் பார்க்கும்போது. ஜெர்மனியில் லீகின் டிவி வருமானத்தில் முதலீட்டாளருக்குப் பங்கு தரும் திட்டத்தையும் இப்படித்தான் 2024 பிப்ரவரியில் வாபஸ் வாங்க வைத்தார்கள். அங்கே ஆயுதம் மைதானத்துக்குள் வீசிய டென்னிஸ் பந்துகள்.

யுனைடெட்டில் எந்த இடம் வலிக்கும் என்பது 2021-இல் தெரிந்தது. பெரிய கிளப்கள் பிரிந்துபோய்த் தனியாக சூப்பர் லீக் தொடங்கப் பார்த்த கோபத்தில், மே 2-ஆம் தேதி ரசிகர்கள் யுனைடெட் ஸ்டேடியமான ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்ததால் லிவர்பூல் மேட்ச்சே தள்ளிப்போனது. அதைத் தலைப்புச் செய்தியாக எல்லோரும் பார்த்தோம். அதே மாதம் வந்த இன்னொரு செய்தியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பயிற்சி உடையில் பெயர் போட 20 கோடி பவுண்டு ஒப்பந்தத்துக்குத் தயாராக இருந்த ஹட் குரூப் என்ற இணைய வணிக நிறுவனம், ரசிகர்கள் தங்கள் பொருட்களைப் புறக்கணிப்பார்கள் என்ற கவலையில் விலகியதாகச் செய்திகள் சொல்லின. ஸ்பான்சர் பணம் உட்பட வணிக வருமானமே பாதியாக இருக்கிற கிளப்பில் ஸ்பான்சருக்கு எழுதும் மரியாதையான கடிதம், காலி சீட்டைவிடக் கனமானது. 'கெட்ட வார்த்தை வேண்டாம், நான் உங்கள் வாடிக்கையாளர்' என்று தொடங்கினால் போதும்.

ஆகவே டிக்கெட்டைப் புதுப்பியுங்கள் என்பதே என் பதில். உள்ளே இருப்பவரின் குரலுக்குத்தான் மதிப்பு. எழுந்து நடப்பதற்கும் முதலில் சீட் வேண்டுமே. ஒரு மேட்ச்சை மட்டும் புறக்கணிக்க முடிவு செய்தால், சீசனில் குறைந்தது இத்தனை மேட்ச்சுக்காவது சீட் பயன்பட வேண்டும் என்ற விதி உங்கள் டிக்கெட் நிபந்தனைகளில் இருக்கிறதா என்று முன்பே படித்துவிடுங்கள். உள்ளே பர்கர், கோக் வாங்குவதை நிறுத்துவது உங்கள் இஷ்டம். நான் நிறுத்தியதற்குக் காரணம் கொள்கை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் விலைதான். ரசிகர்களின் அமைப்பான மான்செஸ்டர் யுனைடெட் சப்போர்ட்டர்ஸ் டிரஸ்டில் சேருங்கள். 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டப்படி வந்திருக்கும் சுதந்திர ஒழுங்குமுறை ஆணையத்திடம் பேசவும் அப்படி ஓர் அமைப்பு வேண்டும். ஓனரைப் பிடிக்கவில்லை என்பதற்காக ஆணையம் அவரை அனுப்பாது. ஆனால் ஸ்டேடியத்தை விற்பது, கிளப்பின் சின்னத்தை மாற்றுவது, பிரிந்து போகும் லீகில் சேர்வது போன்றவற்றை இனி இஷ்டத்துக்குச் செய்ய முடியாது.

போராட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம். தெருவில் அமைதியாக நடப்பதும் கோஷம் போடுவதும் குற்றமில்லை. மைதானத்தின் புல்லில் கால் வைத்தால் கதை மாறும். இங்கிலாந்தில் 1991-ஆம் வருடச் சட்டப்படி அனுமதியில்லாமல் ஆடுகளத்தில் இறங்குவதே குற்றம், சந்தோஷத்தில் இறங்கினாலும் சரி, கோபத்தில் இறங்கினாலும் சரி. புகைக்குண்டு, ஃபிளேர் கொண்டுபோவதும் அப்படித்தான், பக்கத்து சீட்காரர் "கொஞ்சம் பிடிங்க" என்று கொடுத்தாலும் கையை நீட்டாதீர்கள். தண்டனை வந்தால் குறைந்தது மூன்று வருடம் மேட்ச்சுக்குப் போகத் தடை விதிக்கலாம். குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை பார்ப்பார்கள். போலீஸ் எச்சரிக்கை வாங்கியிருந்தால்கூட அதை எழுதியாக வேண்டும். முடிவு வரும்வரை ஊர்வலத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாக நடங்கள், மகள் கூட இருந்தால் கூட்டம் நெரிக்கத் தொடங்கும் முன்பே விலகிவிடுங்கள். மீறி ஏதாவது ஆகிவிட்டால், ஸ்டேஷனில் எதிலும் கையெழுத்துப் போடும் முன் வக்கீலைக் கேளுங்கள், அங்கேயே இலவசமாக ஏற்பாடு செய்து தருவார்கள்.

யுனைடெட்டுக்கு மேட்ச் இல்லாத ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு மான்செஸ்டரின் மாஸ்டன் பக்கம் போய் வாருங்கள். 2005-இல் உங்களைப் போலவே வெறுத்துப் போனவர்கள் தொடங்கிய எஃப்.சி. யுனைடெட்டின் ஸ்டேடியம் அங்கே இருக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டு. ஆட்டத்தின் தரத்தைப் பற்றி நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

ஜெர்சிக்கு வருவோம். அடிடாஸ் வருடத்துக்கு ஏறத்தாழ 9 கோடி பவுண்டு தருவதாகப் பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஒரு குழந்தையின் ஜெர்சி அதில் எதையும் கூட்டாது, குறைக்காது. வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கூடவே, மேட்ச் நாளில் சர் மேட் பஸ்பி வேயில் தெருவோரம் விற்கிறவர்களிடம் பச்சையும் பொன்னிறமும் கலந்த ஸ்கார்ஃப் கிடைத்தால் ஒன்று வாங்குங்கள். நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இந்தக் கிளப் பிறந்தபோது இருந்த நிறம் அது, கிளேசர் எதிர்ப்பின் அடையாளமும் அதுதான். 2010-இல் ஏசி மிலானுக்காக ஓல்ட் டிராஃபோர்டில் ஆடி 4-0 என்று தோற்ற யுனைடெட்டின் பழைய வீரர் டேவிட் பெக்கம், வெளியேறும்போது ரசிகர்கள் வீசிய அந்த ஸ்கார்ஃபை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தெருக்காரரிடம் கொடுக்கும் காசில் கிளப்புக்கு ஒரு பென்னி போகாது, உங்கள் மனைவியிடமும் அதைச் சொல்லலாம்.