பேய்ப்பட மாமியாரும் உங்கள் வீட்டு மாமியாரும்

கேள்வி: எனக்கு இது 7-வது மாதம். மாமனார் இறந்த பிறகு 74 வயது மாமியார் எங்களோடு வந்துவிட்டார். ராத்திரியெல்லாம் தூங்காமல் நடக்கிறார், வளையலை நான் எடுத்துவிட்டதாகச் சண்டை போடுகிறார், படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். போன வாரம் ஒரு ஆங்கிலப் பேய்ப்படம் பார்த்தேன். கர்ப்பிணி மருமகள் வீட்டில் மாமியார் வந்து தங்கி ஆட்டிவைக்கிற கதை. அதிலிருந்து படபடப்பாகவே இருக்கிறது. குழந்தையைப் பாதிக்குமா?

பதில்: படம் பார்த்துப் பயந்ததால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பயத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடினாலும் நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. ஆனால் ஒரு வாரமாகப் படபடக்கிறது என்றால் பழியைப் படத்தின் மேல் மட்டும் போடாதீர்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினாலும் படபடக்கும், தைராய்டாலும் வரும், ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு உங்களைவிட உங்கள் மாமியாரைப் பற்றித்தான் கவலை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்றுமே நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். சில நாட்களுக்குள் திடீரென்று இப்படி ஆனார் என்றால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, ஏன், கடும் மலச்சிக்கல்கூட அந்த வயதில் ஆளையே குழப்பிவிடும், இதை இன்றைக்கே காட்ட வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தது என்றால் மறதி நோயா என்று பார்க்க வேண்டும். பொருளை எங்கோ வைத்து மறந்துவிட்டு வீட்டில் இருப்பவர் திருடிவிட்டார் என்று நம்புவது அந்த நோயில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. அவர் நடிக்கவில்லை, உண்மையிலேயே நம்புகிறார். அதனால் "நான் எடுக்கவில்லை" என்று வாதாடிப் பயனில்லை, "சரி அத்தை, வாங்க தேடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். கணவரை இழந்த துக்கமும் இத்தனைக்கும் அடியில் இருக்கலாம். முதுமையின் உடம்பையே பேயாகக் காட்டுகிற படங்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது, அந்த ஈரப் படுக்கையில் கிடப்பவருக்கும் அவமானம் இருக்கும் இல்லையா?

அதற்காக நீங்கள் அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டாம். ஈரத் தரையில் வழுக்கவும் கூடும். ராத்திரிப் பொறுப்பு முழுவதும் உங்கள் கணவருடையது என்று இன்றே பேசிவிடுங்கள், வாரக்கணக்கில் தூக்கம் கெடுவதுதான் உங்களுக்குக் கெடுதல். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ரத்தப்போக்கோ கடுமையான தலைவலியோ வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் பயமும் நீடித்தால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

அப்புறம், அத்தையை மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய சளி மாத்திரையும் தூக்க மாத்திரையும்கூட வயதானவர்களைக் குழப்பும்.