இறகுப் பாம்புக் கடவுளுக்குப் பொன்னிறத் தாடி ஏன்?

வணக்கம். மெக்சிகோ தேசிய மாளிகையில் அந்நாட்டு ஓவியர் தியேகோ ரிவேரா வரைந்த சுவரோவியத்தில் பூர்வகுடிகளின் இறகுப் பாம்புக் கடவுளான கெட்சால்கோவாட்ல் ஐரோப்பியரைப் போல வெள்ளைத் தோலும் பொன்னிறத் தாடியுமாக இருப்பதால், பூர்வகுடிப் பெருமை பற்றிய உங்கள் கட்டுரையே ஆட்டம் கண்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஆட்டம் காணவில்லை, அங்கேதான் கட்டுரையே தொடங்குகிறது.

வெள்ளைத் தோலும் தாடியும் கொண்ட இந்தக் கடவுள் கிழக்கே போனார், திரும்பி வருவார் என்ற கதை ஸ்பானியர் வெற்றிக்குப் பின் எழுதப்பட்ட நூல்களில்தான் இந்த வடிவத்தில் வளர்ந்தது, மெக்சிகோவை அப்போது ஆண்ட அஸ்டெக் மக்கள், படையெடுத்து வந்த ஸ்பானியத் தளபதி கோர்தேஸைக் கடவுளாக நம்பினார்கள் என்பதையே இன்று பல வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. பூர்வகுடிகளைக் கொண்டாட வந்த ரிவேராவும் 1929இல் அந்த முகத்தையே எடுத்துக்கொண்டார். ஆனால் அதே சுவரில் மேலே பாருங்கள், எரிமலை வாயிலிருந்து இறகுப் பாம்பாகவே அந்தக் கடவுள் கிளம்புகிறார். மனித உருவம், பாம்பு உருவம், இரண்டும் ஒரே சுவரில்! எனக்கு அந்த இடம்தான் உயிர்.

அப்புறம், இன்னொரு மெக்சிகோ சுவரோவியரான ஓரோஸ்கோவை விட்டுவிடாதீர்கள். 1932 முதல் 1934 வரை அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி நூலகத்தில் அவர் வரைந்ததிலும் இதே கடவுள் வெள்ளை அங்கியோடு வருகிறார், பிறகு பாம்புகளாலான தெப்பத்தில் ஏறி, கையை நீட்டிக்கொண்டே கிளம்பிப் போகிறார். அதன்பின் இரும்புக் கவசத்தில் கோர்தேஸ். இங்கே பெருமையைவிட இழப்புதான் கனக்கிறது.

சரி, நேரமிருந்தால் மெக்சிகோ நகரின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் ஓவியர் தமாயோ 1964இல் வரைந்ததையும் சேருங்கள். அதில் மனித முகமே கிடையாது, பாம்பும் ஜாகுவாரும் மோதுகின்றன.